முதல் இரண்டு வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

பியர்டட் டிராகன் பல்லி வந்து மூன்று நாளாகியும் ஒரு பூச்சியைக்கூடத் தொடவில்லை என்று எழுதியிருந்தாய். பயப்படாதே. இடம் மாறியதும் இவை சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேலே, சாப்பிடாமல் கிடப்பது உண்டு. வாயைத் திறந்து ஊட்டப் பார்க்காதே. அதைச் சும்மா விட்டுவிட்டு, அதன் கண்ணாடிக் கூண்டைக் கவனி.

இதன் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அந்த நாடு தன் காட்டு ஊர்வனவற்றை வியாபாரத்துக்காக உயிரோடு வெளியே அனுப்புவதில்லை. ஆக, உன்னிடம் இருப்பது தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த வம்சம். ஆனாலும் அதன் உடம்பு இன்னும் அந்த வெயிலைத்தான் கேட்கிறது. உடம்பில் சூடு ஏறினால்தான் தின்றது செரிக்கும். சூடேற்றும் விளக்குக்கு நேர் கீழே இருக்கும் கல் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும்; எதிர் மூலை 22 முதல் 26. கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானியை நம்பாதே, அது கல்லின் சூட்டைக் காட்டாது. இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் கல்லுக்கு நேரே பிடித்துப் பார்.

யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 போதாமல், கால்சியம் சேராமல், எலும்பு வளைந்துவிடும். ஜன்னல் வெயில் ஈடாகாது. கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். குழல் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே யூவிபி குறைந்துபோகும். அதனால் தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிடு.

அடுத்தது, உன் கை. அதன் உச்சந்தலையில் ஒரு சின்னச் செதில் வெளிறித் தெரியும், உற்றுப் பார். அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மேலிருந்து விழும் நிழல் என்றாலே அதற்குப் பருந்துதான். எனவே முதல் வாரம் தூக்கவே வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் கீரையையும் தண்ணீரையும் மாற்று, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. பிறகு பக்கவாட்டிலிருந்து, தாடைக்குக் கீழான உயரத்தில், கையை மெதுவாக நீட்டு. அது தானாக ஏறட்டும். தூக்கும்போது நான்கு காலுக்கும் பிடிமானம் கொடு. வாலைப் பிடிக்காதே, அறுந்து போனால் மறுபடி முளைக்காது.

தொண்டைக்குக் கீழே இருக்கும் தாடி கறுத்தால் விலகி நில். கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தால், தன் பிம்பத்தை இன்னொரு டிராகன் என்று நினைத்திருக்கலாம்; மூன்று பக்கமும் காகிதம் ஒட்டிவிடு. நம் ஊர் ஓணானும் இதே அகமிடே குடும்பம்தான், அந்தத் தலையாட்டலை இதனிடமும் பார்ப்பாய். ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றினால் பணிந்துபோகிறது என்று அர்த்தம். அழகாக இருக்கும். ஆனால் புது இடத்தில் அடிக்கடி செய்தால் இன்னும் மிரட்சி தீரவில்லை.

வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பார்த்து எழுதி வை. எடை இறங்கிக்கொண்டே போனாலோ, கண் குழிவிழுந்தாலோ, கால் நடுங்கினாலோ காத்திருக்காதே. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் புது எச்சத்தோடு போ. தொட்ட பிறகெல்லாம் சோப்பால் கை கழுவு, இவற்றிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

அடுத்த கடிதத்தில் கல்லின் சூட்டையும் எடையையும் எழுது. அதைப் பார்த்துவிட்டுத் தீனியைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்