அணைந்துபோகும் ஊர்கள்

சிரஞ்சீவி தம்பிக்கு,

திருவரங்குளம் வட்டாரத்து ஊர்களைக் குறித்து நீ கணினியில் அமைத்து அனுப்பியிருந்த படத்தை, பேரனை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, மாலைதோறும் பார்த்துவந்தேன். அவ்வூர் அரங்குளநாதர் கோயிலைப் பற்றியோ பழைய நாட்டுப் பிரிவான வல்லநாட்டைப் பற்றியோ உனக்கு நான் சொல்ல வேண்டுவது ஒன்றுமில்லை. நேரே வழக்குக்கு வருகிறேன்.

படத்தின் அடியிலுள்ள பட்டையை ஆண்டுக்கு ஆண்டு நகர்த்தினால், சாசனம் கிடைத்த ஊர்கள் சிவப்புப் புள்ளிகளாய் எழுகின்றன. சாசனம் ஓய்ந்த நூற்றாண்டில் ஒவ்வொன்றாய் அணைந்துவிடுகின்றன. இந்த மின்மினி விளையாட்டு எனக்குச் சகிக்கவில்லை. தானமோ நில விற்பனையோ வரிநீக்கமோ நேர்ந்தால்தான் கல்லில் வெட்டுவார்கள். அப்படியொன்றும் நேராத காலத்தில் ஜனங்கள் உழாமலும், கண்மாய்க் கரையை வெட்டிக் கட்டாமலும், பெண் கொள்ளாமலும் கொடுக்காமலுமா இருந்தார்கள்? மண்கோட்டையும் அகழியுமாகக் கண்ணெதிரே கிடக்கும் பொற்பனைக்கோட்டையில் 2021-இல் அகழாய்வு தொடங்கிச் சங்ககாலக் குடியிருப்பு வெளிப்பட்ட பின்பும், உன் படத்தில் அது அங்கே கிடைத்த நடுகல்லின் தமிழி எழுத்துக்காகச் சற்றே மின்னி மறைகிறது!

குற்றம் முழுவதும் உன்னுடையதன்று. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் வெளியிட்ட சாசனத் தொகுதி அரச வம்சக் கிரமத்தில் அமைந்தது. ஒரே ஊரின் கல்வெட்டுகள் சோழர் பகுதியிலும் பாண்டியர் பகுதியிலுமாகச் சிதறிக் கிடப்பதால், அதையே உழன்று படிக்கிறவனுக்கு ஊர் என்பது அரசர்களின் நிழல்போலத் தோன்றிவிடுகிறது.

இளமையில் ஆசிரியரோடு பக்கத்தூர்க் கோயிலொன்றில் மைப்படி எடுத்த நினைவு வருகிறது. ஈரக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் அது இறங்கும்வரை தூரிகையால் தட்டி, மைப்பொதியால் ஒற்றிக்கொண்டே போகையில், வெள்ளெழுத்து வரவேண்டிய இடத்தில் சாண் அகலத்துக்கு வெறுங்கறுப்பு விழுந்தது. காகிதத்தை உரித்து ஆசிரியர் நகத்தால் சுரண்டினார், உள்ளே சுண்ணாம்பு. திருப்பணியில் அடித்த வெள்ளைப்பூச்சு எழுத்தை அடைத்திருந்தது. அந்த வரிகள் எந்த அச்சிலும் ஏறவில்லை. ஆகையால் உன் படத்திலும் இல்லை.

எ. சுப்பராயலு 1973-இல் சோழ மண்டலத்து நாடுகளின் அரசியல் பூகோளத்தை வெளியிட்டபோது, சாசனம் சொல்லும் ஊர்களைக் கிராமம் கிராமமாக இனங்கண்டு, அவற்றின் தொகுதியையே நாடு என்று கொண்டார். அந்தப் பொறுமை கணினிக்குத் தானாக வராது. சாசனமில்லாத காலத்தில் ஊரை அணைக்காதே. புள்ளியை வெற்று வளையமாக்கு.

இன்னொன்று. விண்கோள் படத்தின் பச்சையையெல்லாம் காடு என்று எழுதியிருக்கிறாய். புதுக்கோட்டைச் சீமையில் அந்தப் பச்சையில் பெரும்பங்கு தைலமரம் என்பது, பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவனுக்கும் தெரியும். நீ எதில் வந்தாயோ!

ஆனால் மேட்டுநிலத்திலிருந்து ஒரு கண்மாயின் கலிங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் செல்லும் நீர்வழியை, நிலமட்டக் கணக்கைக்கொண்டு நீ வரைந்து காட்டியிருக்கிறாயே, அதற்கு ஈடான ஒன்றை இந்த வட்டாரத்தைப் பற்றி நான் கண்டதில்லை. ஆயுள் முழுதும் வரப்பில் நடந்தும் ஒருங்கே பார்க்கக் கிடைக்காத காட்சி அது; பேரனை மறுபடி மறுபடி அந்தப் பக்கத்தையே திறக்கச் சொன்னேன்.

அந்த நீர்வழிமீது வளையங்களை வைத்துத் திருத்திய படத்தை அனுப்பு. கூடவே வருவாய்த்துறைப் புலப்படங்களையும் கொண்டுவந்தால், எந்தக் கண்மாய் இப்போது மனைப்பிரிவாகிவிட்டது என்று உட்கார்ந்து குறிக்கலாம். அடுத்த மாதம் முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.