ஐஸ் ஒத்தடம்: பெங்களூரு வைட்ஃபீல்டின் இளம் இயன்முறை மருத்துவருக்குக் கடிதம்

ஐஸ் ஒத்தடம் வலியை அடக்கும்; கிழிந்த தசையையும் சுளுக்கிய தசைநாரையும் ஆற்றுவது உடலின் சொந்த வேலை. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்போது நரம்பு செய்தி கடத்தும் வேகம் குறைந்து வலி மரத்துப்போகிறது. இரத்தக் குழாய்களும் சுருங்குவதால், சிதைந்த இழைகளைத் துப்புரவு செய்ய வரும் வெள்ளணுக்கள் தாமதப்படலாம். அடிபட்ட இடத்தின் வீக்கமும் சூடும் ஆறுதலின் முதல் கட்டமே.

ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் ‘ரைஸ்’ (RICE) என்ற ஒரே சொல்லில் சேர்த்தவர் அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கின், ஆண்டு 1978. அது உலகெங்கும் முதலுதவிப் பாடமாகிவிட்ட பிறகு, 2014இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே எழுதினார். தமக்குப் பெயர் தந்த கருத்தையே திருத்திக்கொண்ட அந்த நேர்மை, இத்தொழிலுக்கு வரும் எவருக்கும் நல்ல முன்னுதாரணம். 2015இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி’ இதழில் வந்த ஆய்வொன்று, பளுப் பயிற்சி முடிந்ததும் 10 நிமிடம் குளிர்நீரில் அமர்ந்தவர்களுக்கு 12 வாரங்களில் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்ததைக் காட்டியது. ஜிம் முடிந்து ஐஸ் குளியல் கேட்கும் இளைஞருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஐடிபிஎல் தொழில்நுட்பப் பூங்காப் பக்கம் வாரமெல்லாம் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, ஞாயிறன்று ஷட்டில் ஆடிக் கணுக்கால் பிசகி வருபவருக்கு முதல் ஓரிரு நாள் ஐஸ் போதும். வலி தணிந்திருக்கும் அந்த இடைவேளையிலேயே மெல்ல அசைக்கத் தொடங்குவது முக்கியம். கட்டட வேலைக்கு வந்தவரின் நிலை வேறு. கூலி போகக் கூடாதே என்று, மரத்துப்போனதையே குணமென எண்ணி மறுநாள் மூட்டை தூக்கிவிடுவார். அவருக்கு விளங்கும் கன்னடத்திலோ தமிழிலோ இந்தியிலோ நிதானமாகச் சொல்லி அனுப்புவதும் சிகிச்சைதான். முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு ஐஸ் தரும் பலன் சிறிது. நடையும் பயிற்சியுமே முழங்காலை மீட்கும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக் 0 டிகிரிக்கும் வெகு கீழே இருக்கும். நேரடியாக வைத்தால் தோல் உறைந்து புண்ணாகும். உருகும் ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்பதால் அதுவே பாதுகாப்பு. ஈரத்துணி சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். முழங்காலின் வெளிப்புறத்திலும் முழங்கையின் உட்புறத்திலும் நரம்பு தோலை ஒட்டி ஓடுவதால் அங்கே நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும். பாடநூல் எச்சரிக்கை அறிகுறியாகச் சொல்லும் சிவப்பு, கருத்த தோலில் எளிதில் தெரியாது. தொட்டும் கேட்டும் பார்க்க வேண்டும். குளிரில் விரல் வெளுப்பவருக்கும், குளிர்பட்டால் தடிப்பு எழுபவருக்கும் இந்த ஒத்தடம் ஆகாது. சர்க்கரை நோயாளியின் காலில் தொடு உணர்வைச் சோதிக்காமல் ஐஸ் வைக்கவே கூடாது.