குளிர்காலத்தில் திறந்தவெளிக் கூண்டுகளில் வரிச்சில்லைகள்

ஜீப்ரா பிஞ்ச் எனப்படும் வரிச்சில்லை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பெருகி வந்துள்ளது. வட இந்தியச் சமவெளியில் இதனைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வளர்ப்போர் உளர். (நம் நாட்டு வயல்களில் வாழும் சில்லைகளைப் பிடித்து வளர்த்தல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.) டில்லியில் டிசம்பர், சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. மாலையில் நலமாயிருந்த பறவை காலையில் கூண்டின் தரையில் இறந்து கிடப்பதும் உண்டு. குளிர் ஒன்றே அதனைக் கொன்றது எனக் கருதுதல் முழு உண்மையன்று.

இறப்பின் காரணங்கள்

வரிச்சில்லையின் எடை ஏறத்தாழ 12 கிராம். சிறிய உடலில் எடையை நோக்க மேற்பரப்பு மிகுதி; ஆகவே வெப்பம் விரைந்து வெளியேறும். பறவை இறகுகளைச் சிலிர்த்து, அவற்றிடையே காற்றைத் தேக்கி இவ்விழப்பைக் குறைத்துக்கொள்கிறது. வாடைக் காற்று இத்தேக்கத்தைக் குலைக்கும். ஈரம் அதனை அழித்துவிடும். மேலும், டிசம்பர் மாத இரவு டில்லியில் 13½ மணி நேரத்திற்கு மேல் நீடிக்கிறது. அவ்வளவு நேரமும் பறவை உண்பதில்லை. பகலில் உண்ட தானியமே அதற்கு எரிபொருள். எனவே காற்று, ஈரம், குறையுணவு ஆகிய மூன்றையும் தடுத்தல் வேண்டும்.

கூண்டின் அமைப்பு

கூண்டின் கூரையையும், வடக்கு மேற்குப் புறங்களையும் பலகையால் அடைத்தல் வேண்டும். காலை வெயில் விழுமாறு தென்கிழக்குப் புறம் திறந்திருக்கலாம்; இரவில் அங்கே சாக்குத் திரை இடுக. பறவைகள் ஒன்றையொன்று ஒட்டி அமருமாறு மரக் குச்சிகளைக் கூரையின் கீழ் ஒரே உயரத்தில் அமைக்க. மூடிய கூண்டருகே கரியடுப்பு வைத்தல் கூடாது. அதனின்று வரும் கார்பன் மோனாக்சைடு, மனிதரைவிடப் பறவைகளை விரைவில் தாக்கும். நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இக்காரணம் பற்றியே.

உணவும் பேணுதலும்

கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தினைத்தட்டைச் சோதிக்க. பறவைகள் உமியைத் தட்டிலேயே விட்டுவிடுவதால், காலியான தட்டும் நிறைந்ததுபோல் தோன்றும். உமியை ஊதிப் பார்த்தால் உண்மை விளங்கும். குளிக்கும் நீரை நண்பகல் வெயிலில் மட்டும் வைத்துப் பின் அகற்றுக. குளிரில் முட்டையிடும் பெட்டைக்கு முட்டை வெளிவராது தடைப்பட்டு உயிர் போதலும் உண்டாதலால், கூடுகளை எடுத்துவிடல் நன்று. வீட்டினுள் வளர்ந்த பறவைகளைக் குளிர் தொடங்குமுன்னரே வெளியே பழக்குதல் வேண்டும். பகலிலும் இறகு சிலிர்த்துத் தரையில் அமர்ந்திருக்கும் பறவை நோயுற்றது. அதனைச் சிறு பெட்டியில் இட்டு, 30 டிகிரி அளவில் வெப்பம் காத்து, தானியமும் நீரும் அருகில் வைக்க.

மாணவர்க்கான சோதனை

ஒரே வடிவமுள்ள நான்கு புட்டிகளைக் கொள்க. ஒன்று பெரிது, மூன்று ஒத்த அளவுள்ள சிறியவை. அனைத்திலும் ஒரே வெந்நீரை நிரப்புக. பெரியதையும் சிறியவற்றுள் ஒன்றையும் வெறுமையாக விடுக. ஏனைய இரண்டில் ஒன்றை உலர்ந்த பஞ்சாலும் மற்றதை நனைந்த பஞ்சாலும் சுற்றுக. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து எழுதுக. சிற்றுடல் ஏன் விரைவில் குளிர்கிறது, நனைந்த இறகு ஏன் பயனற்றதாகிறது என்பவற்றை மாணவர் தாமே கண்டறிவர்.