தண்ணீர் எங்கே போகிறது? பழைய லாரி என்ஜினும் பழகிப்போன நம்பிக்கைகளும்

சேலம், நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய லாரி ஓட்டுபவர்களுக்குக் காலையில் முதல் வேலை ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது. குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்கள். ஆனால் கூலிங் சிஸ்டம் என்பது மூடிய சுற்று. நல்ல என்ஜினில் தினமும் தண்ணீர் குறையாது. குறைகிறது என்றால் எங்கோ வழி பிடித்துவிட்டது. அந்த வழியைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதும் நஷ்டம், எடுத்த எடுப்பில் ஹெட்டைக் கழற்றுவதும் நஷ்டம். இரண்டுக்கும் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன.

நம்பிக்கை: சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை.

உண்மை: பேன் காற்று முன்னிருந்து பின்னோக்கி அடிக்கிறது. ஹோஸ் வாயில் கசிகிற நீரை அது என்ஜின் மேல் தெளித்துவிடும். அது பிளாக்கில் வழிந்து, சம்ப் விளிம்பைப் பிடித்து ஓடி, கிளட்ச் ஹவுசிங் அடியில் போய்ச் சொட்டும். ஆகவே சொட்டைப் பார்க்காதீர்கள். ஈரத்தின் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். முதலில் என்ஜினைக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கூலண்ட் காய்ந்த இடத்தில் பச்சையோ இளஞ்சிவப்போ படிந்திருக்கும். வெறும் தண்ணீர் என்றால் துருக்கோடு அல்லது வெள்ளை உப்பு.

பிறகு என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பு பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்கள். கால் மணி நேரத்தில் முள் இறங்கினால் கசிவு உறுதி. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஹோஸ் கிளிப்புகள், தெர்மோஸ்டாட் ஹவுசிங், பம்பின் அடிப்பக்கம், பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கோர் பிளக்குகள், ரேடியேட்டர் டேங்க் சேரும் விளிம்பு என்று வரிசையாகப் பாருங்கள்.

நம்பிக்கை: என்ஜின் சூடானால்தான் கசிவு தெரியும்.

உண்மை: சூட்டில் மட்டும் கசிபவை உண்டு. குளிரில் மட்டும் கசிபவையும் உண்டு. ராத்திரி ஆறும்போது உலோகமும் ரப்பரும் சுருங்க, கிளிப் பிடி தளர்ந்து, விடியற்காலையில் சொட்டும். என்ஜின் சூடேறியதும் நின்றுவிடும். எனவே வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

நம்பிக்கை: தரையில் ஈரம் இல்லை என்றால் கசிவும் இல்லை.

உண்மை: உள்ளேயே போக மூன்று வழிகள் உண்டு: சிலிண்டருக்குள், என்ஜின் ஆயிலுக்குள், ஏர் பிரேக் கம்ப்ரஸர் வழியாக ஏர் டேங்குக்குள். டிப் ஸ்டிக்கில் மோர் நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். வண்டியை ஒரு ராத்திரி நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்ப் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கும். அதனால் முதலில் தண்ணீர்தான் வரும்.

ஆயிலில் தண்ணீர் என்றதும் "லைனர் ஓ ரிங் போச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். என்ஜினைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். பல டாடா லாரிகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி என்ஜினில் தனி லைனரே கிடையாது. பிஸ்டன் பிளாக்கிலேயே ஓடுகிறது. ஓ ரிங் இல்லாத இடத்தில் ஓ ரிங்கைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஆயில் கூலரை முதலில் சந்தேகிக்க வேண்டும். கூலர் ஓட்டையானால் ஒரு அடையாளம் உண்டு: வண்டி ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகம், அதனால் ரேடியேட்டரில் ஆயில் மிதக்கும். நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் உடனே போய்விடும், தண்ணீரின் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் போகும்.

நம்பிக்கை: ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ வெள்ளைப் புகை வந்தாலோ ஹெட் காஸ்கெட் போய்விட்டது.

உண்மை: போயிருக்கலாம். ஆனால் கம்ப்ரஸர் ஹெட்டுக்கும் தண்ணீர் சுற்றுகிற வண்டிகளில், அதன் காஸ்கெட் போனாலோ ஹெட்டில் விரிசல் விட்டாலோ காற்று நேராகக் கூலிங் சிஸ்டத்துக்குள் ஏறும். அச்சு அசலாக ஹெட் காஸ்கெட் கோளாறு போலவே குமிழி வரும், தண்ணீரை வெளியே தள்ளும். ஏர் டேங்க் நிரம்பி கம்ப்ரஸர் காற்று ஏற்றுவதை நிறுத்தியதும் குமிழி குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் சந்தேகம் கம்ப்ரஸர் மேல்தான். ஏர் டேங்கை வடிக்கும்போது வருகிற நீரில் கூலண்ட் நிறம் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இதைப் பார்க்காமல் ஹெட்டை இறக்கினால், காஸ்கெட், ஃபேஸிங், கூலி எல்லாம் செலவழித்த பிறகும் குமிழி அப்படியே இருக்கும்.

வெள்ளைப் புகையும் அப்படித்தான். குளிர்ந்த டீசல் என்ஜினில் எரியாத டீசல் வெள்ளையாக வரும், கண் எரியும். இன்ஜெக்டர் ஒழுகினாலும், டைமிங் தவறினாலும் வரும். என்ஜின் சூடான பிறகும் விடாமல் வந்து, லேசான இனிப்பு வாடை அடித்து, தண்ணீரும் குறைந்தால் மட்டுமே கூலண்ட் எரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையில் சொட்டினால் எம்சீல் வைத்து அடைத்துவிடலாம்.

உண்மை: அந்தத் துளையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பம்ப் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடம் அது. சீல் தேய்ந்து தண்ணீர் தாண்டினால், பேரிங்கைத் தொடாமல் வெளியே போகட்டும் என்பதற்கான வழி. அதை அடைத்தால் தண்ணீர் பேரிங்கில் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் போய் ஷாஃப்ட் ஆட ஆரம்பித்தால், பம்பிலேயே பேன் மாட்டியிருக்கும் என்ஜினில் இறக்கை ரேடியேட்டரைக் கிழித்துவிடும். துளையில் தொடர்ந்து சொட்டினால் பம்பை மாற்றுவது ஒன்றே வழி.

நம்பிக்கை: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடு ஏறாது. ரேடியேட்டர் மூடி எதுவானாலும் சரி.

உண்மை: தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் வேலைச் சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடுதலாகும், சிலிண்டர் தேயும். பல என்ஜின்களில் அதைக் கழற்றினால் பைபாஸ் வழி மூடாமலே இருக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். தொப்பூர் மேட்டில் லோடோடு ஏறும்போது அதன் பலன் தெரியும்.

மூடி, பிரஷர் குக்கரின் வெயிட் போல வேலை செய்கிறது. அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். 1 பார் மூடியில் ஏறத்தாழ 120 டிகிரி. மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ போயிருந்தால் ஓட்டையே இல்லாமல் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் போய்விடும். ஒரு மூடியின் விலையில் தீர்கிற கோளாறு அது.

நம்பிக்கை: மஞ்சள் தூள் போட்டால் கசிவு அடைந்துவிடும்.

உண்மை: ஊசித்துளை என்றால் சிறிது நேரம் அடையும். பட்டறை போய்ச் சேரும் வரை அது ஒரு வழி, அவ்வளவுதான். அந்தத் தூளுக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் குறுகிய குழாய் எது என்று தெரியாது. அப்படிப் போட்டிருந்தால் பழுது பார்த்த கையோடு சிஸ்டம் முழுவதையும் ஃப்ளஷ் செய்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: நம் ஊரில் பனி உறைவதில்லை, கூலண்ட் எதற்கு?

உண்மை: உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலை மட்டுமே. துருவும் உப்பும் பிடிக்காமல் காப்பது இன்னொரு வேலை, நமக்கு வேண்டியதும் அதுதான். கடினமான போர் தண்ணீர் உள்ளே உப்பாகப் படியும். கோர் பிளக்குகள் உள்ளிருந்து துருப்பிடித்துத் தகடாகிக் கடைசியில் ஓட்டையாகும். தனி லைனர் தண்ணீரில் நிற்கும் என்ஜின்களில், லைனர் அதிரும்போது உண்டாகும் நுண்குமிழிகள் உடைந்து உடைந்தே இரும்பில் குழி பறிக்கும். தகுந்த கூலண்ட் அதைத் தடுக்கும். இன்று தேடுகிற பல கசிவுகள் பல வருடம் ஊற்றிய வெறும் தண்ணீரால் வந்தவை. ஒரு எச்சரிக்கை: கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். வடித்ததைத் திறந்த வாளியிலோ ரோட்டோரத்திலோ விடாதீர்கள். நாயும் மாடும் குடித்துவிடும்.

வண்டிக்காரர்களையும் மெக்கானிக்குகளையும் கேட்டுக்கொள்வது இதுதான்: மூடி, கிளிப், ஹோஸ், பம்ப், கோர் பிளக், ரேடியேட்டர், கம்ப்ரஸர், ஆயில் கூலர் எல்லாம் பார்த்து முடித்த பிறகே ஹெட்டில் கை வையுங்கள். எவ்வளவு அவசரமானாலும் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். என்ஜினை மறுபடி கட்டிவிடலாம். வெந்துபோன முகத்தையும் கண்ணையும் அப்படிச் சரி செய்ய முடியாது.