சேது நாணயம்: உண்மையும் போலியும்

யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியைத் தமது இலச்சினையாகக் கொண்டவர்கள். அவர்கள் வெளியிட்ட செப்புக் காசுகளின் ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவமும், மறு பக்கத்தில் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழ் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் காணப்படும். பழங்காசுகளுக்குப் போலி செய்து விற்போரும் உளர். அவற்றை இனங்காண்பது எவ்வாறு?

முதலாவது, விளிம்பு. பழைய காசு இரு அச்சுகளுக்கிடையே வைத்து அடிக்கப்பட்டது. ஆதலால் வட்டம் ஒழுங்கற்றும், உருவம் விலகியும் இருக்கலாம், அது குற்றமன்று. வார்த்தெடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடும், மேற்பரப்பில் குமிழ்ப் புள்ளிகளும் தென்படக்கூடும்.

இரண்டாவது, களிம்பு. நெடுங்காலம் மண்ணிற் கிடந்த செம்பின் களிம்பு பெரும்பாலும் உலோகத்தோடு இறுகியிருக்கும். பூசிய பச்சை எளிதில் உதிரும்.

மூன்றாவது, ஒப்பீடு. இரு காசுகளில் ஒரே வடிவமும் ஒரே வடுவும் இருப்பின், அவை ஒரே வார்ப்பிற் பிறந்த போலிகளாகலாம்.

காந்தம் இழுத்தால் அது செம்பன்று. இழுக்காமை மட்டும் சான்றாகாது.

பூசைப் பாத்திரம் போலப் பழப்புளியிட்டு மினுக்கலாகாது. களிம்போடு சான்றும் அழிந்துவிடும். நிலத்திற் கிடைத்ததாயின், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அரசுக்கு அறிவித்தல் வேண்டும்.

நந்தி பொறித்த காசு முன்னோரின் சிவபக்திக்குச் சாட்சி. அதனைக் காப்பதும் திருத்தொண்டே.