மூன்று துண்டுக் கருப்பட்டி

சாகுபுரம்

அன்புள்ள மருமகன் செல்வத்துக்கு,

சாக்கே என்னும் அரிசி மதுவை ஜப்பானியர் ருசி பார்த்துத் தரம் சொல்லும் விதத்தைப் படித்துவிட்டு, நம் பக்கத்தில் அப்படி ஏதும் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. ஆனால் மதுவில் இல்லை, கருப்பட்டியில்.

அவர்களுடைய வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தின் அடியில் இரண்டு நீல வளையங்கள் இருக்கும். வெண்மையில் நிறம் தெரியும். வளையத்தின் விளிம்பு துலங்கினால் மது தெளிவாக இருக்கிறதென்று பொருள். நாக்குக்கு முன்னால் கண் பார்க்கிறது. நீயும் அப்படியே தொடங்கு.

உடன்குடிக் கருப்பட்டி ஒன்று, வேம்பார்க் கருப்பட்டி ஒன்று, உங்கள் தெருக்கடையில் விலை மலிவாகக் கிடைப்பது ஒன்று வாங்கு. உடைத்து, உடைந்த பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பார். சீனி கலந்தது உள்ளே மினுமினுக்கும். நல்லது மங்கிய பழுப்பாக இருக்கும். பிறகு ஒரு சிறு துண்டை நாக்கில் வை, கடிக்காதே. கலப்படத்தில் இனிப்பு உடனே பாய்ந்து உடனே போய்விடும். நல்ல கருப்பட்டியில் இனிப்பு மெல்ல வரும். அதன் பின்னால் லேசான உவர்ப்பும் அடுப்புப் புகையின் வாசமும் நிற்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததை எடு.

இந்த வேறுபாடெல்லாம் கலயத்திலேயே தொடங்கிவிடுகிறது. பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு பத்தாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகத் திரும்பும். அதைக் காய்ச்சினால் பாகு கட்டாது, சிரட்டையில் ஊற்றினாலும் இறுகாது. சுண்ணாம்பு கூடினால் கருப்பட்டி கருத்து, நாக்கில் காரும். அந்த அளவைச் சொல்ல அவரிடம் தராசு இல்லை, விரல்தான். கள் இறக்க 1987 முதல் இங்கே தடை இருப்பதால், அவருடைய பிழைப்பு முழுவதும் அந்த விரலில் இருக்கிறது.

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஆனாலும் பெயரைப் பார்த்து நம்பிவிடாதே. மூன்றையும் தாளில் மடித்து, எது எதுவென்று உனக்குத் தெரியாதபடி உன் அம்மாவைக் கொடுக்கச் சொல். தோன்றியதை அப்போதே எழுதி வை.

பங்குனி கடைசியில் வா. வெயில் ஏறுமுன் பனையோலைப் பட்டையில் பதநீர் குடிக்கலாம். வரும்போது நீ எழுதிய தாளையும் கொண்டு வா.

அன்புடன்,
மாமா