608 பென்ஸ்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. மும்பையில் இன்வெஸ்ட்மென்ட் பேங்க் வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறதென்று உன் அப்பா சொன்னான். வருங்கால வரவை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்யும் டிசிஎஃப் கணக்கு கைவந்துவிட்டது, இனி பயமில்லை என்றாயாமே. அதில்தான் கொஞ்சம் பயம் வேண்டும் என்கிறேன்.

முதல் ஐந்து வருஷ ரொக்க வரவைப் பார்த்துப் பார்த்துப் போடுவாய். அதற்குப் பின் வரும் காலம் முழுவதையும் ‘டெர்மினல் வேல்யூ’ என்று ஒரே கட்டத்தில் அடைத்துவிடுவாய். ஐந்தாம் வருஷ வரவு 100 கோடி, தள்ளுபடி விகிதம் 12 சதவீதம், அப்புறம் வளர்ச்சி 4 சதவீதம் என்றால் அந்தக் கட்டத்தில் 1,300 கோடி நிற்கும். வளர்ச்சியை 5 ஆக்கிப் பார், 1,500 கோடி. தொழிற்சாலையில் ஒரு மெஷின்கூட அதிகமாக ஓடவில்லை! "நம்பர் கொஞ்சம் ஏறணுமே" என்று மேலிடம் முனகினால், இளசுகளின் கை முதலில் போவது அந்தக் கட்டத்துக்குத்தான்.

டாடா ஸ்டீல் பிரிட்டனின் கோரஸ் எஃகுக் கம்பெனியை வாங்கிய கதையைப் படி. 2006 அக்டோபரில் டாடா சொன்ன விலை பங்குக்கு 455 பென்ஸ். பிரேசிலின் எஃகுக் கம்பெனி சிஎஸ்என் போட்டிக்கு வந்தது. 2007 ஜனவரி கடைசியில் விடிய விடிய ஏலம். சிஎஸ்என் 603 வரை போனது. டாடா 608 சொல்லி ஜெயித்தது. மொத்தம் சுமார் 620 கோடி பவுண்டு. மூன்று மாதத்தில் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியது. கோரஸின் உலைகள் அதேதான். ஏற்றியது போட்டி. எஃகு விலை நன்றாக ஏறியிருந்த நேரம் அது. உச்ச வருஷத்து எபிட்டாவை, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்காத லாபத்தை, வழக்கமான மல்டிபிளால் பெருக்கினால் எந்த எஃகுக் கம்பெனியும் மலிவாகத்தான் தெரியும். ஏற்ற இறக்கம் உள்ள தொழிலுக்கு ஏழெட்டு வருஷச் சராசரியை எடு. டாடா வாங்கிய மறு வருஷமே, 2008-இல், சந்தை சரிந்தது. 2016-இல் பிரிட்டன் தொழிலை விற்கப் பார்க்கிறோம் என்று டாடாவே அறிவித்தது.

இன்னொன்று, கடன். அடமானத்தில் உள்ள வீட்டை வாங்குகிறவன் பாக்கியையும் சேர்த்தல்லவா விலை பேசுவான்? பங்குகளின் மொத்த விலையோடு நிகரக் கடனைக் கூட்டு. பென்ஷன் பொறுப்பையும் மறக்காதே. ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் பொடி எழுத்தில் கிடக்கும். கோரஸோடு வந்து சேர்ந்த பிரிட்டிஷ் ஸ்டீல் பென்ஷன் திட்டத்திலிருந்து விடுபட 2017-இல் டாடா தரப்பு 55 கோடி பவுண்டு கட்டியது.

இரண்டு கம்பெனிகள் சேர்வதால் வரும் ஆதாயம், அதாவது சினர்ஜி, பற்றியும் நிறையச் சொல்வார்கள். செலவுக் குறைப்பை ஓரளவு நம்பு, விற்பனை கூடும் என்பதைப் பாதிக்குப் பாதி கழி.

நேர்காணலுக்கு முன் ஒரு வேலை செய். கோரஸின் 2005 ஆண்டறிக்கையைத் தேடி எடு. 608-ஐ மறந்துவிட்டு நீயே ஒரு மதிப்புப் போடு, இதற்கு மேல் ஒரு பென்னிகூடத் தரமாட்டேன் என்ற உச்சவரம்பையும் எழுது. காரணங்களோடு எனக்கு அனுப்பிவை, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா